நாயகி பேசிய வசனங்கள்

"இதை எழுதினது என் பொண்டாட்டிதான். அதை நிரூபிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றான் பீரங்கி.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனாலும் மேஜை மேலிருந்த கண்ணாடித் தம்ளர் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. ராக் பாடகன் அவன். மேடையில் கத்துகிற கத்தலுக்காக ரசிகர்கள் வைத்த பெயர் பீரங்கி. அந்தப் பெயரை அவன் வீட்டுக்குள்ளும் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். பரீட்சை அறையில் பிட் அடிப்பவனை முதுகை வைத்தே கண்டுபிடிப்பாள் என்று பெயர். அந்தத் திறமையைப் பிள்ளைகள் மேல் செலவழித்தது போதும் என்று வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்துவிட்டாள். டீச்சர் என்கிற பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அவளுக்கு உதவியாளர் அவளுடைய அக்கா கணவர். அவள் அத்தான் என்று கூப்பிடப் போய், வாட்ச்மேன் முதல் வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் அவர் அத்தான் ஆகிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் ஊர் முழுக்க மச்சினன்மார் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவர் கேட்டுக்கொள்வார்.

பீரங்கி மேஜை மேல் வீசிய புத்தகத்தை அத்தான் பதறிப்போய் எடுத்து, மடங்கிய பக்கத்தை நீவிவிட்டார். 'இடியும் இறகும்'. ஆறே மாதத்தில் எட்டுப் பதிப்பு கண்ட காதல் நாவல். கூரை அதிரப் பாடும் ஒரு பாடகன், ஊசி விழுந்தாலும் திடுக்கிடும் ஓர் அமைதியான பெண். மற்றவர்களுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. எதிரும் புதிருமான இருவர் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டு கடைசிப் பக்கம் வரை கொஞ்சிக்கொண்டே இருப்பார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சாட்சி' என்று மட்டும் இருந்தது. அத்தான் அதை நான்கு முறை படித்திருந்தார். வேலைக்காக ஒரு முறை, மீதி மூன்று முறை சொந்தப் பொறுப்பில்.

"உங்க மனைவிதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் டீச்சர்.

"இதுல கதாநாயகன் பேசுறது எல்லாம் நான் பேசினது. எழுத்துக்கு எழுத்து. இந்த ரூம்ல, நானும் அவளும் மட்டும் இருக்கிறப்போ பேசினது. நான் எழுதல. அப்ப யாரு எழுதியிருப்பா?"

"கதாநாயகனுக்குக் காது போயிட்டே இருக்குன்னு வருதே."

"அங்கதான் அவ புத்தியைக் காட்டிட்டா." பீரங்கியின் கழுத்து நரம்பு புடைத்தது. "எனக்குக் காதுல லேசா ஒரு இரைச்சல். அவ்வளவுதான். அதை இவகிட்ட சொன்னேன், பொண்டாட்டியாச்சே, காது டெஸ்ட் பண்றவளாச்சேன்னு. அதை ஊதிப் பெருசாக்கி ஊரெல்லாம் விக்கிறா. இப்ப டூர் ஏற்பாடு பண்றவங்க காது நல்லா இருக்குன்னு சர்டிஃபிகேட் கேக்குறாங்க. என்கிட்ட. பன்னெண்டு ஊரு டூர்."

மேஜையில் இன்னொரு காகிதமும் இருந்தது. அவன் மனைவி ஆடியாலஜிஸ்டாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு எழுதிய புகார். நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளியிட்டவள், அவளுடைய உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று கண்டிருந்தது. ஒழுங்கு விசாரணைக் குழு அன்று மாலை ஐந்து மணி வரை புகார்களை வாங்கும்.

"அஞ்சு மணிக்கு முன்னாடி ஒரு ஆதாரம் குடுங்க. குடுக்கலைன்னாலும் இதை அனுப்பத்தான் போறேன். ஆதாரத்தோட அனுப்பினா அவ இனி எந்த ஊர்லயும் எந்தக் காதையும் தொட முடியாது."

"அவங்க இப்ப எங்க?"

"அவ தங்கச்சி வீட்ல. மூணு வாரம் முன்னாடி டியூட்டிக்குப் போயிருந்தப்போ பூட்டை மாத்திட்டேன்." அதை அவன் ஒரு சமையல் குறிப்பு மாதிரி சொன்னான்.

டீச்சர் எழுந்து அறையைச் சுற்றி வந்தாள். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி வீடு. புகழ் வந்த பிறகும் ராசியான வீடு என்று பீரங்கி அதை விடவில்லை. ஒரு சோபா, ஒரு மேஜை, உள்ளே பாட்டு அறை. பாட்டு அறையின் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டி, கதவைச் சாத்தினால் உள்ளே கொலை நடந்தாலும் வெளியே தெரியாத மாதிரி செய்திருந்தான். டீச்சர் திரும்பி வந்து பீரங்கி உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால் நின்றாள்.

"உங்க மனைவி பேசுற வசனங்களும் அப்படியே அவங்க பேசினதுதானா?"

பதில் இல்லை. பீரங்கி அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் இருப்பவரின் வாயையே வெறிக்கும் பார்வை அது. பத்திரிகைக்காரர்கள் அதைத் துளைக்கும் பார்வை என்று எழுதுவார்கள். பெரிய மனுஷன், பொம்பளை கேட்டால் பதில் சொல்ல மாட்டானாக்கும் என்று அத்தானுக்குக் கோபம் வந்தது. டீச்சர் முன்னால் வந்து அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள்.

"பின்னே? அவளும் அப்படியேதான் பேசினா" என்றான் பீரங்கி உடனே. "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல பாருங்க. நான் போன வருஷம் டூருக்குக் கிளம்புறேன். 'உங்கள் பாட்டு ஒன்றே எனக்குப் போதும் அன்பே, போய் வாருங்கள்'னு சொல்றா. அதேதான் சொன்னா."

அந்த இடத்தில் அத்தான் மூன்று முறை அழுதிருக்கிறார். நான்காவது முறை கைக்குட்டை கிடைக்காததால் அழவில்லை.

*

மருத்துவமனையின் காது பரிசோதனை அறை ஒரு பெரிய மரப்பெட்டி மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கையில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பீரங்கியின் மனைவி இயந்திரத்தில் ஒவ்வொரு ஒலியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, அதற்கேற்ற மெல்லிய குரல். அவள் பேசுவதைக் கேட்க அத்தான் நாற்காலியை இரண்டு தடவை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த மனிதர் பட்டனை அழுத்தியிருந்தார்.

"நல்லாக் கேக்குது போல அவருக்கு" என்றார் அத்தான்.

"நான் இப்ப ஒரு சத்தமும் அனுப்பல" என்றாள் அவள். "காது போனவங்க நிறைய பேர் இப்படித்தான். கேக்கலைன்னு ஒத்துக்க வெக்கம். இந்நேரம் ஏதாவது வந்திருக்கும்னு குத்துமதிப்பா அழுத்துவாங்க."

டீச்சர் நாவலைத் திறந்து நீட்டினாள். "இதுல கதாநாயகி பேசுறதை மட்டும் படிங்க. நீங்க சொன்னது எதுவோ அதுல ஒரு கோடு போடுங்க."

அவள் பேனாவை வாங்கி, நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினாள். பத்து நிமிடம் கழித்துப் புத்தகத்தை மூடிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு கோடுகூட இல்லை.

"அன்பேன்னு நான் யாரையும் கூப்பிட்டதே இல்ல" என்றாள். "இவ பேசுறதைக் கேட்டா எனக்கே இவளைக் கட்டிக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

அத்தான் புத்தகத்தை வாங்கி அவசரமாகப் புரட்டினார். "நூத்திப் பன்னெண்டாம் பக்கம்கூட இல்லையா?"

"இல்ல."

"அப்ப அன்னிக்கு நீங்க என்னதான் சொன்னீங்க?" என்றாள் டீச்சர்.

"அதை அவரைக் கேளுங்க. அவர்கிட்டதானே சொன்னேன்."

புகாரைப் பற்றிச் சொன்னபோதுதான் அவளுடைய முகம் மாறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பதினான்கு வருடமாக அவள் இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பிறந்து ஆறு மாதம் ஆன குழந்தைக்கு முதல் முறையாகக் காதில் கருவி மாட்டி, அது தாயின் குரல் கேட்டுத் திரும்புவதைப் பார்க்கிற வேலை. "வீடு போனதுக்கு நான் அழல. இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை.

*

"எழுதினது அவ இல்ல" என்றார் அத்தான் வண்டியில் ஏறியதும்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அவ அழகா இருக்கா."

"நல்ல ஆதாரம். கோர்ட்டுல தாக்கல் பண்ணிடலாம்." டீச்சர் புத்தகத்தை மடியில் விரித்தாள். "அத்தான், நாலு தடவை படிச்சிருக்கீங்க. பாட்டுக்காரனைப் பத்தின கதை. இதுல அவன் எத்தனை பாட்டுப் பாடுறான்?"

அத்தான் யோசித்தார். விரல்களை எடுத்தார், மடக்கினார். "ஒண்ணுகூட இல்ல. மேடையில பாடினான்னு வருது. என்ன பாட்டுன்னு வரல."

"வீட்லயே பாட்டு அறை இருக்கு. தினமும் பாடுவான். பொண்டாட்டி எழுதியிருந்தா ஒரு வரியாவது வந்திருக்கும். எழுதினவங்களுக்கு அந்தப் பாட்டு கேக்கவே இல்ல. ஏன்னா அந்த அறையில பஞ்சு மெத்தை. கதையில வர்ற எல்லாப் பேச்சும் சோபா இருக்கிற முன் அறையில நடக்குது. சமையலறையில ஒரு பேச்சும் கிடையாது."

"அப்ப சோபாதான் எழுதியிருக்கணும்."

"கிட்டத்தட்ட. இப்ப இதைப் படிங்க."

அத்தான் குரலைச் சரிசெய்துகொண்டு கதாநாயகனின் வசனத்தைப் படித்தார். "மாலை நான்கு பத்து. 'ம்... அது வந்து... சரி, சரி, உன் இஷ்டம். டூர் முடிஞ்சு வந்து' இருமல். 'வந்து பேசிக்கலாம்.'"

"காதல் கதை எழுதுறவங்க யாராவது கதாநாயகனை இரும விடுவாங்களா? மணி பாத்து எழுதுவாங்களா? சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொன்னா அதையும் எழுதுவாங்களா?"

"எழுத மாட்டாங்க."

"பேசுறவன் இருமினாலும் எழுதியாகணும், ஒரு எழுத்து மாத்தினாலும் தப்புன்னு சம்பளம் வாங்கின ஆள் ஒருத்தர் உண்டு. காலையில பீரங்கி வீட்டுக் கதவைத் தட்டினப்போ பக்கத்து வீட்டுப் பலகையைப் பாத்தீங்களா?"

அத்தான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் பீரங்கியிடம் கையெழுத்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

*

ஓய்வு பெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் பனியனோடு கதவைத் திறந்தார். 'ஒரு சாட்சி' என்ற பெயருக்குப் பின்னால் அத்தான் ஆறு மாதமாகக் கற்பனை செய்து வைத்திருந்த பெண்ணுக்கு நீண்ட கூந்தலும் சோகமான கண்களும் உண்டு. வந்து நின்றவருக்குத் தலையில் முடியே இல்லை. மோவாயில் மூன்று நாள் நரைத் தாடி இருந்தது.

டீச்சர் புத்தகத்தைக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை. இவ்வளவு நாள் யாரும் வந்து கேட்கவில்லையே என்பதுதான் அவருக்குக் குறை மாதிரி தெரிந்தது.

"நான் ஒட்டுக் கேக்கல" என்றார் முதல் வேலையாக. "இந்தச் சுவரோரம் என் சாப்பாட்டு மேஜை. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். அவர் பேசுறது வந்து தட்டுல விழும். முப்பத்தாறு வருஷம் அடுத்தவங்க பேசினதை எழுதியே பழகின கை. சும்மா இருக்க மாட்டேங்குது."

"அப்படியே புத்தகமாவும் போட்டுட்டீங்க" என்றார் அத்தான்.

"கோர்ட்டுல எழுதினப்போ யாரும் தப்புன்னு சொல்லலையே. அங்கயும் புருஷன் பொண்டாட்டி சமாசாரம்தான்." பிறகு அவருக்குத் திடீரென்று கோபம் வந்தது. "ஆனா அச்சுல வந்திருக்கே, அது என் எழுத்து இல்ல. பதிப்பகத்துல கெடுத்துட்டாங்க."

அவர் உள்ளே போய் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். குண்டு குண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. டீச்சர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு உரிய இடத்தைத் தேடி எடுத்தாள். அத்தான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அவன்: என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?

அவள்: (கேட்கவில்லை)

அவன்: ம்... அது வந்து... சரி, சரி, உன் இஷ்டம்.

அத்தான் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்திலும் அவள் பேசிய இடத்தில் (கேட்கவில்லை). அதற்கடுத்த பக்கத்திலும் அதே. நோட்டு முழுக்க ஒரு பெண் பேசிக்கொண்டே இருந்தாள், ஒரு சொல்கூட இல்லை.

"அந்தம்மா குரல் சுவரைத் தாண்டாது" என்றார் சுருக்கெழுத்தாளர். "காதுல விழாததை எழுதக் கூடாது. அது என் தொழில் நேர்மை. பதிப்பகத்துல கதாநாயகி ஊமையா இருந்தா விக்காதுன்னுட்டாங்க. அங்க வேலை செய்யிற பொண்ணு ஒருத்தி ரெண்டே நாள்ல எல்லா இடத்தையும் நிரப்பிட்டா. அன்பேங்கிறா, ஆருயிரேங்கிறா. காதுல இரைச்சல்னு அவர் சொன்னதைக் காதே போகுதுன்னு ஆக்கினதும் அவதான். எனக்குப் படிக்கவே கூசுது."

அத்தான் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க அழுத இடமெல்லாம் அந்தப் பொண்ணு எழுதினது" என்றாள் டீச்சர் இரக்கமே இல்லாமல். "சரி ஐயா, அவர் பேசுறது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இந்தப் பக்கம் வருது?"

"ரெண்டு மூணு வருஷமாத்தான். முன்னாடியெல்லாம் மனுஷன் மெதுவாத்தான் பேசுவார். இப்ப ரகசியம் சொன்னாலே எனக்கு ரெண்டு ரூம் தள்ளிக் கேக்குது. ஏன்னு தெரியல."

டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அவள் நோட்டை இரவல் வாங்கிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போன் செய்து பீரங்கியின் மனைவியை உடனே வரச் சொன்னாள்.

*

நான்கரை மணிக்கு நால்வரும் பீரங்கி வீட்டு முன் அறையில் இருந்தார்கள். மனைவி உட்காரவில்லை. தன் வீட்டில் தன்னை யாராவது உட்காரச் சொல்வார்களா என்று பார்க்கிறவள் போலக் கதவருகிலேயே நின்றாள். யாரும் சொல்லவில்லை.

டீச்சர் வகுப்பறைக் குரலில், முகத்துக்கு நேராக, எல்லாவற்றையும் சொன்னாள். யார் எழுதினார், எங்கே உட்கார்ந்து எழுதினார், ஏன் எழுத முடிந்தது என்று ஒவ்வொன்றாக. பீரங்கியின் கண் அவள் உதட்டை விட்டு நகரவில்லை.

"நான் கத்துறேனா?" என்றான் அவன். பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

"உங்க ரகசியத்தை வெளியில விட்டது நீங்கதான். தினமும், உங்க வாயாலயே. இவங்க சொன்னது ஒரு வார்த்தைகூடச் சுவரைத் தாண்டல."

"புத்தகத்துல அவ பேசுறது இருக்கே. அதேதான் பேசினா. எனக்கு ஞாபகம் இருக்கு."

"என்ன ஞாபகம்? டூருக்குக் கிளம்புற அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

"'உங்கள் பாட்டு ஒன்றே எனக்குப் போதும்'னு..."

"அதை எழுதினது பதிப்பகத்துல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு உங்க ரெண்டு பேரையும் பாத்ததே இல்ல." டீச்சர் நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். "இதுதான் நிஜம். இந்த இடத்துல உங்க மனைவி ஏதோ சொல்லியிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேக்கல. நடுவுல சுவர் இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருந்துச்சு?"

பீரங்கி நோட்டைப் புரட்டினான். அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த ஒரே சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் விரலால் தொட்டுக்கொண்டே போனான். பிறகு நோட்டை மூடித் தள்ளிவிட்டான். அவனுக்குத் தோற்றுப் பழக்கம் இல்லை.

"எல்லாம் செட்டப். அந்தக் கிழவனும் இவளும் கூட்டு. எனக்குக் காது கேக்குது." புகாரை எடுத்து உறைக்குள் போட்டான். "மணி அஞ்சாகப் போகுது. நான் அனுப்பத்தான் போறேன்."

அப்போதுதான் மனைவி கதவை விட்டு நகர்ந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க முகத்துக்கு நேரா சொன்னேன், காது போகுது, டெஸ்ட் எடுக்கலாம்னு. இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தா நீ இந்த வீட்ல இருக்க முடியாதுன்னீங்க. அதுக்கப்புறம் எடுக்கல. இப்ப எடுக்கிறேன்." உதடு தெளிவாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "அந்தச் சுவரைப் பாத்து உக்காருங்க. நான் மூணு அடி பின்னாடி நிக்கிறேன். எப்பவும் பேசுற குரல்ல பேசுறேன். கேட்டா கையைத் தூக்குங்க. கேட்டுச்சுன்னா புகாரை அனுப்புங்க, நானே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிறேன். கேக்கலைன்னா கிழிச்சுடுங்க."

"சாட்சிக்கு நாங்க இருக்கோம்" என்றாள் டீச்சர்.

பீரங்கி சிரித்தான். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் வலது கை மேலே போனது.

அத்தான் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

மனைவி மூன்று அடி பின்னால் நின்று பேச ஆரம்பித்தாள். மெல்லிய குரல்தான், ஆனால் அந்த அறையில் காதுள்ள யாருக்கும் கேட்கும்.

"போன வருஷம் நீங்க பெட்டி கட்டிக்கிட்டு இருந்தீங்க. நான் இப்படித்தான் பின்னாடி நின்னேன். ஏழு வாரம் ஆகுதுன்னு சொன்னேன். டாக்டரைப் பாத்துட்டு வந்துட்டேன்னு சொன்னேன்."

பீரங்கியின் கை கீழே இருந்தது. தலை மட்டும், தாளம் போடுகிற மாதிரி லேசாக ஆடியது.

"குழந்தை வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நாளைக்கே போய் முடிச்சுட்டு வந்துடறேன்னு சொன்னேன். உன் இஷ்டம்னீங்க."

அத்தானுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும். என் வேலையே அதுதானே. முன்னாடி வந்து நின்னு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லல. ஒரு தடவையாவது நீங்களா திரும்பிப் பாப்பீங்கன்னு நின்னேன். நீங்க பெட்டியை மூடினீங்க. நான் மறுநாள் தனியா போயிட்டு வந்தேன். தெரிஞ்சேதான் போனேன். உங்களைத் தண்டிக்கணும்னு இருந்துச்சு. அது உங்களுக்கு இன்னிவரைக்கும் தெரியாதுங்கிறதுதான் எனக்குத் தாங்கல."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். டீச்சரைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். கதவைத் திறந்து, வெளியே போய், சாத்தினாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இரண்டு மாடி வரை கேட்டுத் தேய்ந்தது.

பீரங்கி கையைத் தூக்கினான்.

அவன் கையை இறக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி தூக்கினான். "கேக்குது" என்றான் சுவரைப் பார்த்து. "எல்லாம் கேக்குது. இன்னும் மெதுவாக்கூடப் பேசு."

டீச்சர் போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் வெற்றிச் சிரிப்போடு திரும்பினான். மனைவி நின்ற இடத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். டீச்சர் மேஜையிலிருந்த உறையை எடுத்து, உள்ளே இருந்த காகிதத்தோடு சேர்த்து நான்காகக் கிழித்தாள். அவன் தடுக்கவில்லை.

"எப்பப் போனா?"

டீச்சர் கிழித்த துண்டுகளை மேஜை மேல் வைத்தாள்.

"என்ன சொன்னா?" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. "ரொம்ப நேரம் பேசினாளா? என்ன சொன்னா?"

பரீட்சை அறையில் எத்தனையோ பிள்ளைகளின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்னவள் டீச்சர். இப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆகவே அது அத்தான் தலையில் விழுந்தது.

அத்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலும் முழங்காலும் இடிக்கும்படி அவன் எதிரில் உட்கார்ந்தார். வாயை நன்றாகத் திறந்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஏழு வாரம் என்ற இடத்தில் பீரங்கி புருவத்தைச் சுருக்கினான். மறுநாள் என்ற இடத்தில் அவர் உதட்டை இன்னும் நெருங்கி வந்து பார்த்தான்.

"புரியல" என்றான். "சத்தமாச் சொல்லுங்க."

அத்தான் சத்தமாகச் சொன்னார்.

பீரங்கி வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றான். அத்தான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்.